எடை இருக்கட்டும், முதலில் காலைப் பாருங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பேக்கரி நடத்துகிறோம். வயது 43. ஆறு வருடத்துக்கு முன் கோவையில் இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 118 கிலோவிலிருந்து 76-க்கு வந்தேன், இப்போது 97. இரைப்பை மறுபடி விரிந்துவிட்டதா? உணவை நேராகச் சிறுகுடலுக்குத் திருப்பும் இரைப்பை பைபாஸாக மாற்றலாம் என்கிறார்கள். உடம்பு தாங்குமா? முடி கொட்டுகிறது, பயோட்டின் சாப்பிடுகிறேன். பாதம் மதமதவென்று இருக்கிறது, செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வருடமாக மருந்துக்கடையில் நானே வாங்கும் பான்டோபிரசோல், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். உள்ளே தையலுக்குப் போட்ட பின்கள் பிரிந்துவிடும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை.

பதில்: பின்கள் பிரியாது. ஆறு வருடத்துக்கு முன்பே ஆறிப்போன இடம் அது. யூடியூபை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

செருப்பு கழன்றது தெரியவில்லை என்பதை முடி கொட்டுவதற்கும் நெஞ்செரிச்சலுக்கும் நடுவே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்படுத்தியது அந்த வரிதான். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறதா? இருட்டில் நடக்கச் சுவரைப் பிடிக்கிறீர்களா? ஆம் என்றால் இந்த வாரமே நரம்பு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரையாலும் பாதம் மரத்துப்போகும். ஆனால் உங்கள் விஷயத்தில் வைட்டமின் பி12 குறைபாட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும்; பி12-ஐக் குடல் உறிஞ்ச உதவும் பொருள் அங்கேதான் சுரக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், உணவிலிருந்து பி12 பிரிவதைக் கெடுக்கும். மெட்ஃபார்மினும் தன் பங்குக்கு உறிஞ்சுதலைக் குறைக்கும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் சில வருடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் காலில் தொடங்கும். நாள் கடத்தினால் தண்டுவடம் பாதிக்கப்படும்; அது முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்லும் வைட்டமின் மாத்திரைகளைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. எப்போது நிறுத்தினீர்கள்?

பயோட்டினை இன்றே நிறுத்துங்கள். அது பி12, தைராய்டு பரிசோதனை முடிவுகளையே தவறாகக் காட்டக்கூடும். மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுங்கள். பி12 ஊசி அதற்குப் பிறகுதான். யாராவது ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

இதைச் சரிசெய்யாமல் ஆபரேஷன் மேசையில் ஏறக் கூடாது. மயக்கம் கொடுக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு, இருக்கிற கொஞ்சம் பி12-ஐயும் செயலிழக்க வைக்கும். பைபாஸ் செய்துகொண்டால் சத்துக்குறைவு இன்னும் கூடும்.

சரி, எடை. இரைப்பை கொஞ்சம் விரிந்திருக்கலாம். அது மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம். குறைந்த எடையை மீட்கப் பசியைக் கூட்டுவது உடம்பின் சுபாவம். உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று யாராவது வீட்டில் சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: கல்லாவில் உட்கார்ந்தபடி நாளைக்கு எத்தனை சர்க்கரை டீ? சோறு இரண்டு பிடியில் நிறைந்துவிடும் இரைப்பையில் டீயும் மிக்சரும் தடையின்றி வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டாவது ஆபரேஷன் தாங்கும். ஆனால் முதல் தடவையைவிடச் சிக்கல் கூடுதல், குறையும் எடை பொதுவாகக் குறைவு. பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளையும் மருத்துவர் மேற்பார்வையில் முயன்று பார்க்கலாம். தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். பைபாஸுக்கு உங்கள் பக்கம் வலுவான நியாயம் நெஞ்செரிச்சல்தான். ஸ்லீவுக்குப் பின் வரும் எரிச்சலுக்கு அது நல்ல தீர்வு. அதற்கு முதலில் எண்டோஸ்கோபி செய்து உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக மருந்துக்கடையில் நீங்களே வாங்கிப் போட்டதில் அந்தப் பரிசோதனை தள்ளிப்போய்விட்டது. மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.