பார்க்கின்சன் நோய் மூளைக்குள் எப்படிப் பரவுகிறது? சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகம் கண்டறிந்தது என்ன?

மூளையின் நரம்பு செல்கள் மெல்ல மெல்லச் செயலிழந்து மடிவதைத்தான் நரம்புச் சிதைவு நோய் என்கிறோம். பார்க்கின்சன் அதில் ஒன்று. ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து திரள்கிறது; அந்தத் திரள் பக்கத்து செல்லுக்குள் போய், அங்குள்ள நல்ல புரதத்தையும் கெடுக்கிறது. ஒரு துளி உறைமோர் பால் முழுவதையும் தயிராக்குவது போல.

சரி, அந்தத் துளி உள்ளே நுழைவது எப்படி? ஷாங்காயில் ஃபூடானின் ஹுவாஷான் மருத்துவமனைக் குழு 2025இல் ஒரு விடை தந்தது: செல்லின் மேற்பரப்பிலுள்ள எஃப்ஏஎம்171ஏ2 என்ற புரதம்தான் கதவைத் திறந்துவிடுகிறது. எலிகளில் அதைக் குறைத்தபோது பரவலும் குறைந்தது. இன்றைய மருந்துகள் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தணிப்பவை மட்டுமே என்பதால், இது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

ஆனால் 'பார்க்கின்சனுக்கு மருந்து வந்துவிட்டது' என்று பலர் நினைப்பது தவறு. இந்த வழி மனிதர்களிடம் பலிக்கும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.