கையில் அனுமதிக் கடிதம், நிதி மட்டும் இல்லை

கேள்வி: எல்.எல்.எம். முடித்து ஆறு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். ‘செயற்கை நுண்ணறிவும் மனித உரிமைகளும்’ என்ற தலைப்பில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது, உதவித்தொகை கொடுக்கவில்லை. கணவரையும் மூன்று வயது மகனையும் அழைத்துப்போக வேண்டும். ‘வீட்டை அடமானம் வைத்தாவது போய்விடு, போனபிறகு அங்கேயே நிதி கிடைத்துவிடும்’ என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போகாதீர்கள். இந்த ஆண்டு, இந்த நிலையில், கடன் வாங்கிப் போகவே போகாதீர்கள்.

இடம் கிடைத்ததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. உங்களை நம்பி ஒரு பேராசிரியர் வழிகாட்ட முன்வந்திருக்கிறார்; அது பெரிய காரியம். ஆனால் ‘போனபிறகு கிடைக்கும்’ என்ற பேச்சை நம்பிப் போய், இரண்டாம் ஆண்டில் ஆய்வைப் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய உதவித்தொகைகள் பெரும்பாலும் முதலாண்டில் சேரப்போகிறவர்களுக்கானவை. சேர்ந்துவிட்டால் பல கதவுகள் மூடிக்கொள்ளும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தோடு விசாச் செலவும் இருக்கிறது. பிரிட்டனின் சுகாதாரக் கட்டணம் மட்டுமே, மாணவர் குடும்பத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். மூன்று பேருக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். முனைவர் பட்ட மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துச்செல்ல அங்கே இன்னும் அனுமதி இருக்கிறது. 2024 ஜனவரிக்குப் பிறகு சாதாரண முதுகலை மாணவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் உதவித்தொகை என்பது பொதுவாக ஒரு ஆளின் செலவுக்குக் கணக்குப் போட்டது. கேம்பிரிட்ஜில் கேட்ஸ் உதவித்தொகை போன்ற சிலவற்றில்தான் குழந்தைக்கென்று தனியாகப் படி கேட்க முடியும்.

இனி நான் உண்மையாகவே பேச விரும்புவது உங்கள் தலைப்பைப் பற்றி. நிதி கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. ஓர் உதவித்தொகைத் தேர்வுக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். மேசையில் கோப்புகள் அடுக்கி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். குழுவில் எல்லோரும் சட்டம் படித்தவர்கள் இல்லை; பக்கத்தில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், எதிரே ஒரு வேதியியல்காரர். ‘செயற்கை நுண்ணறிவும் மனித உரிமைகளும்’ என்று ஒரு தலைப்பு வந்தால் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ‘சரி, இதில் கேள்வி எங்கே?’ நல்ல மதிப்பெண், நல்ல பரிந்துரைக் கடிதம் எல்லாம் இருந்தும் அந்த இடத்தில் கோப்பு கீழே போய்விடும். மனசு வலிக்கும், ஆனால் அப்படித்தான் நடக்கும்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் அரசின் நலத்திட்டப் பணத்தை யார் ஏமாற்றக்கூடும் என்று ஊகிக்க ‘சிரி’ (SyRI) என்றொரு கணினி அமைப்பை வைத்திருந்தார்கள். 2020 பிப்ரவரி 5 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம், அந்த அமைப்புக்கு அடிப்படையான சட்டம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவுக்கு, அதாவது தனிவாழ்வுக்கான உரிமைக்கு, முரணானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், விசா விண்ணப்பங்களைத் தரம்பிரித்த ஒரு மென்பொருளை பிரிட்டன் உள்துறை அமைச்சகம் கைவிட்டது. வழக்கு தொடரப்பட்ட நிலையில், தீர்ப்பு வருவதற்கு முன்பே. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஒருவரின் கடன் தகுதிக்குக் கணினி போடும் மதிப்பெண்ணையே நம்பி வங்கி முடிவெடுக்கிறது என்றால், அந்த மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவுதான் என்றது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘கணினியின் ஊகத்தால் பாதிக்கப்பட்டவர், தன்னை ஏன் சந்தேகித்தார்கள் என்று காரணம் கேட்க முடியுமா? எந்த நிலையில் கேட்க முடியும்?’ இதுதான் கேள்வி. வேதியியல்காரருக்கும் இது புரியும்.

கேள்வி இப்படிக் கூர்மையானதும் ஒன்று நடக்கிறது பாருங்கள்: எங்கே போக வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. இதை விசாரிக்க ஏற்ற இடங்களில் ஒன்று நெதர்லாந்து. அங்கே முனைவர் பட்டம் செய்பவர் பெரும்பாலும் மாணவரே அல்ல, பல்கலைக்கழக ஊழியர். லைடன், உட்ரெக்ட், ஆம்ஸ்டர்டாம் போன்ற இடங்களில் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல விளம்பரம் செய்து, வழக்கமாக நான்கு ஆண்டுகளுக்குச் சம்பளம் தருகிறார்கள். நார்வே, ஸ்வீடனிலும் இதே வழக்கம். ஸ்வீடனில் முனைவர் படிப்புக்குக் கட்டணமே கிடையாது. ‘ஸ்காலர்ஷிப்’ என்று மட்டும் தேடியதால்தான் இந்த இடங்கள் உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். ‘வேலைவாய்ப்பு’ என்று தேடிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்வடோவ்ஸ்கா-க்யூரி திட்டத்தின் முனைவர் இடங்களும் சம்பள வேலைதான், எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் சேரப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இப்போதே அவசரப்பட்டு ஒரு நாட்டில் போய்க் குடியேறுவது இந்த வழியையும் அடைத்துவிடலாம்.

பிரிட்டனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆக்ஸ்போர்டின் கிளாரெண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பமே தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் வரும் கடைசித் தேதிக்குள் டி.பில். படிப்புக்கு (முனைவர் பட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர்) விண்ணப்பித்தாலே உங்கள் பெயரும் பரிசீலனைக்குப் போகும். கேட்ஸ் உதவித்தொகை பிரிட்டன் குடிமக்கள் அல்லாதவர்களுக்கென்றே இருக்கிறது. பிரிட்டன் அரசின் ஆய்வு மன்றங்களும் 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு முழு நிதி கொடுக்கின்றன. ஆனால் ஒரு தொகுதியில் சேரும் மாணவர்களில் 30 விழுக்காடு பேர் வரை மட்டும். பலருக்கு இடம் கிடைத்து நிதி கிடைக்காமல் போவது தேதியில் கோட்டைவிடுவதால்தான். படிப்புக்கான கடைசித் தேதி கோடை வரை நீளும், நிதிக்கானது குளிர்காலத்திலேயே முடிந்திருக்கும். நீங்கள் எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று எழுதவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு என்றால், உங்கள் கோப்பு நிதிக் குழுவின் மேசைக்கே போகாமல் இருந்திருக்கலாம்.

ஆசியாவில், ஹாங்காங் அரசின் முனைவர் பட்ட உதவித்தொகை 2009 முதல் இருக்கிறது. விண்ணப்பம் வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் முடியும், இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது. அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அங்கே வெளிநாட்டவருக்கான எஸ்.ஜே.டி., ஜே.எஸ்.டி. எனப்படும் சட்ட முனைவர் பட்ட இடங்கள் பெரும்பாலும் அதே கல்லூரியில் எல்.எல்.எம். செய்தவர்களுக்கே போகின்றன. உங்களுக்கு அது இன்னொரு கடனில்தான் கொண்டுபோய் விடும்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் எழுதியது மூன்று பக்கம். பள்ளிக்கூடப் பரிசிலிருந்து எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். பதிலே வரவில்லை. அடுத்து எழுதியது ஒன்பது வரி. அவருடைய ஒரு கட்டுரையில் விடையில்லாமல் நின்ற ஓர் இடத்தைச் சுட்டி, அங்கிருந்து என் கேள்வி தொடங்குகிறது என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. உங்களிடம் நீதிமன்றத்தில் நின்ற ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தைக் கட்சிக்காரர் பெயரில்லாமல் இரண்டு வரியில் சேருங்கள். புதிதாகப் பட்டம் வாங்கியவரிடம் அது இருக்காது.

இப்போது கையில் இருக்கும் அனுமதிக் கடிதத்தை எடுத்து, பதில் சொல்லக் கடைசி நாள் எது என்று பாருங்கள். அதற்கு முன்பாக, ஓராண்டு தள்ளிச் சேர முடியுமா, முடிந்தால் அடுத்த சுற்று உதவித்தொகைக்கு என் பெயரும் போகுமா, இல்லை புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்களை ஏற்றுக்கொண்ட பேராசிரியருக்கும் நிலைமையை மறைக்காமல் எழுதுங்கள். நிதி இல்லாமல் வர முடியவில்லை என்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். புதிய ஆய்வுத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.