வென்ட் பைப்பின் வாயை அடைக்காதீர்கள், அடியைப் பாருங்கள்

கேள்வி: மொட்டை மாடியில் கழிவறை வென்ட் பைப் (கழிவுநீர்க் குழாய்க்குக் காற்று விடும் பைப்) நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, மழை பெய்தால் கூரையில் ஈரம் படர்கிறது. பைப்பைச் சுற்றி இரண்டு முறை சிமென்ட் பூசியும் நிற்கவில்லை. பைப்பின் வாயை மூடிவிடலாமா?

பதில்: தயவுசெய்து மூடாதீர்கள். வாய் வழியாக விழும் மழைநீர் பைப்போடு இறங்கிச் சாக்கடைக்குத்தான் போகும், உள்ளே இணைப்பு விட்டிருந்தாலொழியக் கூரைக்கு வராது. மூடினால்தான் வினை. கழிவுநீர் வேகமாக இறங்கும்போது குழாய்க்குள் காற்று வேண்டும். மேலிருந்து காற்று வராவிட்டால், கீழே டிராப்பில், அதாவது கழிவறைக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயில், தேங்கி நிற்கும் தண்ணீரையே அது உறிஞ்சிவிடும். நாற்றத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான். அது போய்விட்டால் சாக்கடை வாயு நேராகக் குளியலறைக்கு வந்துவிடும்.

கோளாறு பெரும்பாலும் பைப்பின் அடியில்தான் இருக்கும். எதற்கும் சோதித்துப் பார்த்துவிடுங்கள். வெயில் நாளில் பைப்பைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரப்பு கட்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் அடிதான் ஒழுகுகிறது. தெரியாவிட்டால், மறுநாள் பைப்பின் வாயில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இப்போது ஈரம் வந்தால் தளத்துக்குள் இருக்கும் பைப் இணைப்பு விட்டிருக்கிறது. அதற்குப் பிளம்பர்தான் வேண்டும், பூச்சு உதவாது.

சரி, சிமென்ட் ஏன் நிற்கவில்லை? பிவிசி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 3 மீட்டர் பைப், 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் நகரும். சிமென்ட் நகராது. பைப்பின் வழவழப்பில் அது சரியாக ஒட்டுவதும் இல்லை. குனிந்து பாருங்கள், பைப்பைச் சுற்றி முடி போல ஒரு வட்டக் கோடு தெரியும். தண்ணீருக்கு அது போதும். இன்னொரு முறை சிமென்ட் பூசினாலும் அதே இடத்தில்தான் விடும்.

பழைய பூச்சை உளியால் எடுத்துவிட்டு, பைப்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குக் குழி போடுங்கள். தூசியைத் துப்புரவாகத் துடையுங்கள். பைப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு குழியில் பாலியூரித்தேன் சீலன்ட்டை (இடைவெளியை அடைக்கும் பசையை) நிரப்புங்கள். இது ரப்பர் போலப் பைப்போடு சேர்ந்து நீளும், சுருங்கும். சிலிகான் வேண்டாம், அதன்மேல் பூச்சு ஒட்டாது. சீலன்ட் இறுகியதும், ஃபைபர் வலையை நடுவில் வைத்து அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சை இரண்டு கை அடியுங்கள். பூச்சு தளத்தோடு நின்றுவிடக் கூடாது, பைப்பின் மேலும் 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். அடியில் தண்ணீர் தேங்குகிறது என்றால் பூச்சுக்கு முன்பே தளத்தின் வாட்டத்தை (சரிவை) சரிசெய்துகொள்ளுங்கள்.

வெயில் பட்டுப் பட்டு பிவிசி வெளுத்து, தொட்டால் மாவு போலக் கையில் ஒட்டும். வெளிர் நிறத்தில் நீர் சார்ந்த பெயின்ட் அடித்தால் அது தாங்கும்.

வாயில் வலை வைத்த தொப்பி போதும். மழைக்காலத்துக்கு முன் அதைக் கழற்றி, இலையோ கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முகத்தை வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள், உள்ளிருந்து வருவது சாக்கடை வாயு. அப்புறம், ஹோஸை உள்ளே விட்டுக் கொஞ்சமாகத் தண்ணீரைத் திறங்கள். கீழே ஒருவரை நிற்க வையுங்கள். தண்ணீர் தடையில்லாமல் இறங்கும் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். மேலே தண்ணீர் எதிர்த்து ஏறினால் உடனே நிறுத்திவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.