கலர் கம்பெனி சண்டை: அண்ணாச்சி பதில்கள்

அண்ணாச்சி, எங்களுக்கு மார்க்கெட்டிங் பேப்பர்ல கோக், பெப்சி ரெண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லிருக்காங்க. ரெண்டும் ஒரே கருப்புக் கலர்தான, அதுல என்னத்த ஒப்பிட?
(பிபிஏ மாணவி, பாளையங்கோட்டை)

சரக்கு ஏறத்தாழ ஒண்ணா இருக்கதுனாலதான் தாயி ஒப்பிடணும், அப்பதான விளம்பரம் தனியா என்ன வேல பாத்துருக்குன்னு கண்ணுல தெரியும். ரெண்டுமே மருந்துக்கடைக்காரங்க கண்டுபிடிச்சதுதான். கோக் 1886ல அட்லாண்டால பெம்பர்டன் செஞ்சது, பெப்சி 1893ல நியூ பெர்ன்ங்கிற ஊர்ல பிராட்ஹாம் செஞ்சது, 1898லதான் அதுக்கு பெப்சிங்கிற பேரே வந்துச்சு. முந்தி வந்தவன் "ஒரிஜினல் நாந்தான்"னு உக்காந்துகிட்டான், பிந்தி வந்தவனுக்கு "நான் புதுசு, நான் சின்னப் பசங்களுக்கு"ன்னு சொல்லுதத விட்டா வேற வழியில்ல. நூறு வருசமா ரெண்டு பேரு விளம்பரமும் இந்த ரெண்டு வரியத்தான் மாத்தி மாத்திச் சொல்லுது.

1915ல கோக் ஒரு பாட்டில் டிசைன் கேட்டாங்க, இருட்டுல தடவிப் பாத்தாலும் ஒடஞ்சு கெடந்தாலும் இது நம்ம பாட்டில்னு தெரியணும்னு கண்டிஷன், அந்த வளைஞ்ச பாட்டில் இன்னைக்கும் நிக்குது. பெப்சி 1930கள்ல, ஊரே காசில்லாம கெடந்த நேரத்துல, அதே அஞ்சு சென்ட்டுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஊத்திக் குடுத்தான். பெறவு 1984ல மைக்கேல் ஜாக்சன ஆட வச்சான்.

நீ முக்கியமா எழுத வேண்டியது 1985. அதுக்குப் பத்து வருசம் முன்னால இருந்தே பெப்சிக்காரன் பேர மறைச்சு ரெண்டு கப்புல குடுத்து எது நல்லாருக்குன்னு கேட்டுக் கேட்டு, நெறைய பேரு எங்களுதத்தான் சொல்லுதாங்கன்னு விளம்பரம் போட்டான். கோக் பயந்து போயி பழைய ருசியையே மாத்திட்டாங்க, அவங்க வச்ச டெஸ்ட்டுலயும் புதுசுதான் ஜெயிச்சுது. ஆனா ஜனங்க கொதிச்சுட்டாங்க, போன் மேல போன், கடுதாசி மேல கடுதாசி, 79 நாள்ல பழசத் திரும்பக் கொண்டாந்தாங்க. பேர மறைச்சு வச்சா நாக்கு மட்டும் ஓட்டுப் போடும், கடைல யாரும் பேர மறைச்சு வாங்குததில்ல. நம்ம நாட்டுலயும் பாரு, 1977ல கோக் வெளிய போன நேரத்துல தம்ஸ் அப் வந்து ஊன்றிக்கிச்சு, 1993ல திரும்பி வந்த கோக் அத வெலைக்கு வாங்குனாங்க, ஆனா அந்தப் பேர இன்னைக்கு வரைக்கும் தனியாத்தான் ஓட்டுதாங்க.

ரெண்டு கம்பெனிக்காரங்களும் ஃபிரிட்ஜ் தாரோம்னு வாராங்க. யார்ட்ட வாங்க அண்ணாச்சி?
(பெட்டிக்கடைக்காரர், சங்கரன்கோவில்)

நீங்க கேட்டதுதான் அண்ணாச்சி உண்மையான மார்க்கெட்டிங். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு கோக் காசு குடுத்து அபிஷியல் ட்ரிங்க் ஆனாங்க, பெப்சி "நத்திங் அபிஷியல் அபௌட் இட்"னு சொல்லி பேரத் தட்டிட்டுப் போனான், எனக்குப் பாத்ததுலயே கெட்டிக்கார விளம்பரம் அதுதான். ஆனா கிராமத்துல பாட்டில எறக்குனது 2003ல கோக் போட்ட அஞ்சு ரூவா 200 மில்லி பாட்டில்தான், பஸ்ஸுக்கு நிக்குதவன் சில்லறைய எண்ணிப் பாத்துத்தான வாங்குதான்.

ஃபிரிட்ஜும் அப்படித்தான், உங்க கடை வாசல்ல ராத்திரிபகலா எரியுத விளம்பரப் பலகை அது. சேல்ஸ்மேன் வந்து நடுத்தட்டுல, சரியா கண்ணு மட்டத்துல அடுக்கி, லேபிள் எல்லாம் ரோட்டப் பாக்க திருப்பி வச்சுட்டுத்தான் போவாரு. அதனால பேப்பர்ல கையெழுத்துப் போடுததுக்கு முன்னால வேற கம்பெனி சரக்கு வைக்கலாமா, ரிப்பேர் யாரு செலவுன்னு கேளுங்க, கரண்ட் பில்லு உங்க தலைலதான். போவண்டோவும் பன்னீர் சோடாவும் வைக்க எடமில்லன்னா எனக்கு அது சரியாப் படல, எந்தக் கம்பெனியா இருந்தாலும்.

போவண்டோ மட்டும் இவ்வளவு பெரிய ஆளுங்களுக்கு நடுவுல எப்படித் தாக்குப்பிடிக்குது?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

போவண்டோ 1916ல விருதுநகர்ல ஆரம்பிச்ச காளிமார்க் கம்பெனி சரக்கு, அந்த திராட்ச ருசிய வேற யாரும் தரல. நம்ம பக்கம் கல்யாண வீட்டுல, துட்டி கேக்கப் போற வீட்டுல கூட "கலர் குடிங்க"ன்னுதான் சொல்லுதாங்க, அந்த எடத்துல உக்காந்துட்டா பெறவு ஸ்டாரு எதுக்கு. 2017 மார்ச் 1ல இருந்து கோக், பெப்சி விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்க சொன்னப்ப கடைக்காரங்க கைக்கு மொதல்ல வந்ததும் இதுதான். நம்ம ஊருக்கு இந்தக் கம்பெனிங்க மேல கோவம் இன்னும் கிட்ட, கங்கைகொண்டான் சிப்காட்ல இருக்க கோக், பெப்சி ஆலைகளுக்கு தாமிரபரணித் தண்ணி போகக் கூடாதுன்னு 2016 நவம்பர்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டு, 2017 மார்ச்ல வழக்கத் தள்ளுபடி பண்ணிச்சு. ஆத்துத் தண்ணி விஷயத்துல ஜனங்களுக்கு வெளிப்படையா கணக்குச் சொல்லாத வரைக்கும் எந்த ஹீரோ வந்து சிரிச்சாலும் இந்தப் பக்கம் அந்தப் பேரு முழுசா ஒட்டாது.