மழைக்காலத்தில் பறவை பார்க்கப் போனால் ஏதாவது கண்ணில் படுமா, இல்லை வீட்டிலேயே இருந்துவிடலாமா?

படும். ஆனால் இன்று எத்தனை வகை பார்த்தோம் என்று எண்ணுகிற ஆள் என்றால் ஏமாந்துதான் திரும்புவீர்கள்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்னாலேயே நண்பன் போன் செய்தான். "வெறும் தூறல்தான்டா, கிளம்பு." சென்னையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தூறல் நல்ல மழையாகிவிட்டது. எனக்கு மழைக்கோட்டு, அவனுக்கு ஒரு பழைய குடை. ரேடியல் சாலை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றோம்.

முதல் அரைமணி நேரம் பைனாக்குலரோடு போராட்டம்தான். கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஈரச் சட்டையில் துடைத்தால் இன்னும் மோசம். போகிறவர்கள் ஒரு காய்ந்த கைக்குட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, மழையில் தண்ணீர் ஏறிவிட்டால் சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. பூநாரைகளை நினைத்துக்கொண்டு வந்தால் வீண். தண்ணீர் வடிந்த பிறகு, தை மாசியில் வாருங்கள். அன்றைக்கு நீந்தித் திரிகிற நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும்தான் சந்தோஷமாக இருந்தன. மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாகத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஒரு பட்டமரத்தில் பாம்புத்தாரா. அதன் இறகு தண்ணீரில் நன்றாக நனையும். முங்கி மீன் பிடிக்க அது வசதி, ஆனால் மேலே வந்ததும் காயவைத்தாக வேண்டும். மழை கொஞ்சம் விட்டால் இறக்கையை விரிக்கும், மறுபடி பிடித்துக்கொண்டால் மடக்கும். கொடியில் துணியைப் போட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற அம்மா ஞாபகம் வந்தது.

அப்புறம்தான் சண்டை. பக்கத்திலேயே, மிதக்கும் இலைகள்மேல் ஒரு பழுப்புப் பறவை. வயிறு வெள்ளை, மார்பில் கருப்பு மாலை போட்டது போல ஒரு கோடு. நான் நீளவால் இலைக்கோழி என்றேன். "வால் எங்கேடா?" என்றான். நியாயமான கேள்விதான். இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த நீண்ட கருப்பு வால் இருக்கும், முடிந்ததும் உதிர்ந்துவிடும் என்றேன். (அந்தக் காலத்தில் முட்டையை அடைகாப்பது ஆண்தான்; பெண் அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும். இதையும் சொன்னேன், அவன் நம்பவில்லை.)

மழை வலுத்ததால் வேறெங்கும் நகர முடியவில்லை. ஒரே குடைக்கடியில் நின்று அந்த ஒரு பறவையையே இருபது நிமிடம் பார்த்தோம். உடம்புக்குப் பொருந்தாத அந்த நீள விரல்கள். ஒவ்வொரு அடிக்கும் இலை லேசாக அமிழும், மேலே தண்ணீர் ஏறும், அதற்குள் அது அடுத்த இலைக்குப் போயிருக்கும். நடுநடுவே தலையை ஒரு உதறு. வெயில் நாளாக இருந்தால் பேரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்போம்.

கடைசியில் ஒரு லாரி ஹாரன் அடிக்க, பறவை எழுந்தது. மடித்திருந்தபோது தெரியாத வெள்ளை இறக்கை பளிச்சென்று விரிந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. டீக்கடைக்குப் போனதும் நனைந்த நோட்டை எடுத்து பென்சிலில் எழுதினான்: "நீளவால் இலைக்கோழி – 1. வால் இல்லை."