வன்னியில் இளையோர் உதைபந்தாட்டத்தைச் சனம் கவனிக்க என்ன செய்யலாம்?

கழகத்தில் பிள்ளைகள் நல்லாப் பயிற்சி எடுக்கிறார்கள், ஆனால் ஊரில் யாருக்குமே தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முகநூல் பக்கம் தொடங்கச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். சரி, தொடங்குங்கள். ஆனால் நான் முதலில் செய்யச் சொல்வது வேறு.

காலபோக அறுவடை முடிந்த கையோடு ஊருக்கு ஊர் மின்னொளிச் சுற்றுப்போட்டிகள் வந்துவிடும். பரந்தனோ, புதுக்குடியிருப்போ, இறுதியாட்டம் என்றால் மைதானத்தைச் சுற்றி மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமிருக்காது. அந்த ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் 12, 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு 20 நிமிடம் கேட்டு வாங்குங்கள், பெண்பிள்ளைகளின் அணி இருந்தால் அவர்களையும் இறக்குங்கள். அறிவிப்பாளரிடம் பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஒலிபெருக்கியில் மகனின் பெயரைக் கேட்ட தகப்பன் அடுத்த மாதம் டியூஷனைச் சொல்லிப் பயிற்சியை நிறுத்த இரண்டு தரம் யோசிப்பார். எங்கள் பக்கம் பிள்ளைகள் 15, 16 வயதில் விட்டுப்போவதற்குச் சாதாரணதரப் பரீட்சைப் பயம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம், அதனால் ஊரில் முதலில் பெற்றோரைத்தான் நம்பவைக்க வேண்டும். விளையாட்டில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடு இருக்கிறது (உயர்தரத்தில் சித்தியும் வேண்டும்), அதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் எழுத்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் திகதி, இடம், கோல் போட்டவர், கோல் காப்பாளர் என்று நாலு வரி எழுதி, ஒரு நல்ல படத்தோடு அன்றிரவே பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்துக்கு அனுப்புங்கள். தோற்ற ஆட்டத்தையும் அனுப்ப வேண்டும், வென்றால் மட்டும் எழுதுகிற கழகத்தை நிருபர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரிடம் சம்மதம் வாங்குங்கள், வீட்டு விலாசம் எதையும் போடாதீர்கள்.

மாவட்ட லீக்கில் பிள்ளைகளை முறையாகப் பதிவு செய்வதையும் தள்ளிப்போட வேண்டாம். ஒரு வீரர் பின்னாளில் ஒப்பந்தம் முடியுமுன் பணத்துக்கு வெளிநாட்டுக் கழகம் ஒன்றுக்கு மாறினால், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கழகங்களுக்கு அந்தத் தொகையில் 5 வீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீஃபாவின் விதி. பதிவில்லாத கழகம் அதைக் கேட்கவே முடியாது. வன்னிக்கு இதெல்லாம் எட்டாத கதை என்று நினைக்காதீர்கள், மறைந்த டக்ஸன் பியூஸ்லஸ் மன்னாரிலிருந்து போய்த்தான் தேசிய அணிக்கும் மாலைதீவுக் கழகத்துக்கும் ஆடினார். அவர் பெயரைத் தெரிந்த எத்தனையோ பேருக்குச் சின்ன வயதில் அவரைப் பழக்கியவர்களைத் தெரியாது, எனக்கு அதுதான் கவலை. உங்கள் செய்திகளில் பயிற்றுநரின் பெயரையும் கழகத்தின் பெயரையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுதுங்கள்.