மண்சுவருக்கு ஒரு விருது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கட்டிடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. ஆகா கான் கட்டிடக்கலை விருதைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது பேராசிரியர் அதை மிக உயர்வாகச் சொன்னார். எனக்கோ தயக்கமாக இருந்தது. பெருஞ்செல்வரான ஒரு சமயத் தலைவர் நிறுவிய விருது, பத்து லட்சம் டாலரை எடுத்து ஏழைகளின் மண்சுவருக்கும் மூங்கில் குடிலுக்கும் கொடுக்கிறது. இது ஏழ்மையை அழகாக்கிக் காட்டும் வேலை ஆகாதா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் ஐயம் தேவையானதுதான். ஆனால் அதை நீங்கள் வைத்திருக்கும் இடம் சரியில்லை என்று நினைக்கிறேன். விருது பெற்ற மண்சுவர்கள் ஏழைகளின் பழைய மண்சுவர்கள் அல்ல.

வங்கதேசத்தின் தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ரபூர் என்ற ஊரில் 2005ஆம் ஆண்டு கட்டப்பட்டு, 2007இல் விருது பெற்ற பள்ளியை எடுத்துக்கொள்வோம். அந்த வட்டாரத்து மண்வீடுகள் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோவதற்குக் காரணம் மண் அல்ல. கடைக்கால் இல்லாததும், நிலத்து ஈரம் சுவரில் ஏறுவதும்தான். அன்னா ஹெரிங்கர், ஐக்க ரோஸ்வாக் என்ற கட்டிடக்கலைஞர்கள் இருவரும் செங்கல் கடைக்கால் போட்டு, நம் கொத்தனார்கள் டி.பி.சி. என்று சொல்லும் ஈரத்தடுப்பை அதன்மேல் வைத்து, மாடுகள் மிதித்துக் குழைத்த மண்ணில் வைக்கோல் கலந்து சுவர் எழுப்பி, மேல்தளத்தை மூங்கிலால் அமைத்தார்கள். கட்டியவர்கள் உள்ளூர் ஆட்கள். இங்கே பாராட்டப்பட்டது ஏழ்மை அல்ல, அந்த ஏழ்மையின் ஒரு குறிப்பிட்ட பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய கைத்திறன்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் காந்தோ கிராமத்துக் கதை இன்னும் தெளிவானது. அந்த ஊரில் பிறந்த பிரான்சிஸ் கேரே, பெர்லினில் கட்டிடக்கலை மாணவராக இருந்தபோதே நிதி திரட்டித் தன் ஊருக்குப் பள்ளி கட்டப் போனார். மண்ணால் கட்டலாம் என்றபோது முதலில் நம்ப மறுத்தவர்கள் ஊர்க்காரர்களே. மழைக்காலம் மண்சுவரை என்ன செய்யும் என்பதை அவர்கள் ஆண்டுதோறும் பார்த்தவர்கள். மண்ணை அழகென்று கொண்டாடும் சொகுசு அவர்களுக்கு இல்லை. கேரே சிறிது சிமென்ட் கலந்து அழுத்திய மண்கற்களால் சுவர் வைத்தார். கம்பிகளை வெல்டிங் செய்த சட்டத்தின்மேல் தகரக் கூரையை உயர்த்தி, சுவருக்கு வெளியே நீட்டினார். மழை சுவரில் அடிக்கவில்லை. சூடான காற்று கூரைக்கும் மண் உட்கூரைக்கும் நடுவே வெளியேறிவிடுகிறது. 2001இல் முடிந்த அந்தப் பள்ளிக்கு 2004இல் விருது கிடைத்தது. (கட்டிடக்கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு அவரை 2022இல்தான் கண்டுகொண்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

இந்த விருது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் சமூகங்களில் அமைந்த கட்டுமானங்களுக்குத் தரப்படுகிறது. வரைபடத்துக்குப் பரிசு இல்லை. கட்டி முடித்துப் புழங்கும் இடமாக இருக்க வேண்டும். இறுதிப்பட்டியலில் வரும் ஒவ்வொன்றையும் ஒரு வல்லுநர் நேரில் சென்று ஆராய்கிறார். பரிசுத்தொகையில் கட்டியவர்களுக்கும் கட்டச் சொன்னவர்களுக்கும் பங்கு உண்டு. கொத்தனாரின் பெயரை மேடையில் சொல்லும் வேறு பெரிய கட்டிடக்கலைப் பரிசு எதுவும் என் நினைவில் இல்லை.

1989இல் இவ்விருது பெற்றவற்றில் இரண்டை மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் லூயி கான் வடிவமைத்த டாக்கா நாடாளுமன்றம். மற்றது, வங்கதேசத்து ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியின் வீட்டுக்கடன் திட்டம். அந்தக் கடனில் நான்கு கான்கிரீட் தூண்கள், தகரக் கூரை, கழிப்பறைக்கான பலகை ஆகியவை உறுதியாகக் கிடைத்தன. சுவரை அந்தக் குடும்பம் கையில் அகப்பட்டதைக் கொண்டு அடைத்துக்கொண்டது. மனை பெண்ணின் பெயரில் இருந்தால்தான் கடன் என்பது அன்றைய நிபந்தனை. கணவன் விலக்கினாலும் அவளை வெளியே தள்ள முடியாது. ஒரு பத்திரத்தில் எழுதப்படும் பெயரையும் கட்டிடக்கலையின் பகுதியாகக் கருதியது அந்தத் தேர்வு. என் பார்வையில் இவ்விருதின் வரலாற்றிலேயே துணிச்சலான முடிவு அதுதான்.

எல்லா முடிவும் அப்படி இருந்ததில்லை. 1980இல், முதல் சுற்றிலேயே, ஆக்ராவின் ஒரு சொகுசு விடுதியும் விருது பெற்றவற்றின் பட்டியலில் இருந்தது. பொதுநன்மை என்ற சொல்லை அங்கே எப்படிப் பொருத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் ஐயத்துக்கு உரிய இடம் இந்தூர். அந்நகரத்துச் சேரிகள் பெரும்பாலும் ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் இருந்தன. அவை நகரத்து நீரின் இயல்பான வடிகால் பாதைகள் என்பதைக் கண்ட பொறியாளர் ஹிமான்ஷு பாரிக், சேரிகளைத் தனித்தனியாகச் சீரமைக்காமல், அவற்றின் ஊடாகக் கழிவுநீர்க் குழாய்களையும் சாலைகளையும் கொண்டுசென்று முழு நகரத்தோடும் இணைக்கத் திட்டமிட்டார். அருமையான சிந்தனை, 1998இல் விருதும் கிடைத்தது. ஆனால் பல குடும்பங்கள் தம் வீட்டிலிருந்து அந்தக் குழாய்க்கு இணைப்பு எடுக்கவே இல்லை என்றும், குழாய்கள் அடைத்துக்கொண்டன என்றும் பின்னர் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. இணைப்புச் செலவு யாருடையது, அடைப்பை எடுப்பது யார் என்ற கேள்விகளுக்கு வரைபடத்தில் விடை இருப்பதில்லை. தேர்வுக்குழுவில் நான் இருந்தால், கழிவுநீர்த் திட்டம் எதற்கும் பத்து மழைக்காலம் கழிவதற்கு முன் கைதட்டமாட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்